பனிச்சறுக்கில் இடப்பக்கம் திரும்ப முடிகிறது, வலப்பக்கம் முடியவில்லை: ஸ்நோபிளவ் திருப்பம் பற்றி விளக்கம் தேவை

திருநகர்வாசி
மார்ச் 2, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் சென்று இரண்டு வாரத் தொடக்கநிலைப் பனிச்சறுக்குப் பயிற்சியை முடித்துவிட்டுச் சென்ற வாரம்தான் மதுரைக்குத் திரும்பினேன். எனக்கு வயது 43. யானைமலை, நாகமலை, சதுரகிரி என்று நம் பக்கத்து மலைகளை இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கியவன் என்பதால், சரிவு எனக்குப் புதியதல்ல என்ற நம்பிக்கையோடுதான் போனேன். அந்தப் பழக்கம் எனக்கு உதவியதா, இடையூறாக இருந்ததா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நேராகச் சறுக்கி இறங்குவதும், ஸ்நோபிளவ் நிலையில் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி வால்களை அகற்றி நிற்பதும் நான்காம் நாளிலேயே வந்துவிட்டன. அதே நிலையில் இடப்பக்கம் திரும்புவது ஏழாம் நாள் வந்தது. வலப்பக்கம் திரும்புவது மட்டும் பதினான்காம் நாள் மாலை வரை வரவில்லை. திரும்பத் தொடங்குவேன், பலகைகள் பள்ளத்தை நேராகப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் ஏதோ பிடித்து நிறுத்தியதுபோல் திருப்பம் நின்றுவிடும், வேகம் கூடும், நான் மலைப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறையாவது இப்படி விழுந்திருப்பேன்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். ஆனால் எங்கள் குழுவில் பதினைந்து பேர் இருந்தோம், அவரால் ஒவ்வொருவரோடும் நெடுநேரம் நிற்க இயலவில்லை. “இடது காலில் எடை போடுங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எடை போடுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது காலை ஏன் அழுத்த வேண்டும் என்பதும் எனக்கு முழுமையாக விளங்கவில்லை. அடுத்த பனிக்காலம் வருவதற்குள் இதைப் புரிந்துகொண்டு, இங்கிருந்தே செய்யக்கூடிய பயிற்சி ஏதேனும் இருந்தால் செய்ய விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

ஐயர்பங்களாக்காரன்
மார்ச் 3, காலை 6.15

ஐயா, வணக்கம். நான் பணி நிமித்தமாக ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கே குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குப் போகாமல் இருப்பதுதான் கடினம். முப்பத்து நான்கு வயதில், ஒன்றும் தெரியாதவனாகத் தொடங்கினேன். ஆகவே நீங்கள் சொல்லும் ஒவ்வொரு விழுகையும் எனக்கு உடம்பில் நினைவிருக்கிறது.

இடது காலை அழுத்தினால் ஏன் வலப்பக்கம் போகிறது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது மனத்தில் தெளிவாகாத வரை கால் சொன்னபடி கேட்காது. ஸ்நோபிளவ் நிலையில் நீங்கள் நிற்பதை மேலிருந்து பார்த்தால், ஓட்டுவீட்டின் முகட்டில் இரண்டு கைமரங்கள் வந்து சேர்வதைப்போல் பலகைகள் முன்னால் நெருங்கியிருக்கும். அப்படியானால் இடது பலகை பார்க்கும் திசை எது? வலப்பக்கம். வலது பலகை பார்ப்பது இடப்பக்கம். இரண்டும் தத்தம் திசைக்கு உங்களை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. எடை சமமாக இருப்பதால் நீங்கள் நேராகப் போகிறீர்கள். இடது பலகையின் மீது எடையைக் கூட்டினால் அதன் உள்விளிம்பு பனியை அதிகமாகக் கவ்வும், வலது பலகை வலுவிழக்கும், இடது பலகை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் வலப்பக்கத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். திருப்பத்தின் வெளிப்பக்கம் இருக்கும் பலகையே வேலை செய்யும் பலகை. இதில் தோளைத் திருக வேண்டிய தேவையோ இடுப்பை வீச வேண்டிய தேவையோ இல்லை.

இனி, திருப்பம் பாதியில் நிற்பதற்கு வருகிறேன். கொத்தனார்கள் மொட்டைமாடியில் தளம் போடும்போது “தண்ணி வாட்டம்” என்று சொல்வார்கள் அல்லவா, அந்தச் சொல்லை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்த வழியாக ஓடுமோ அதுவே அந்தச் சரிவின் நீர்வாட்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் இந்த நீர்வாட்டத்தை ஒருமுறை கடந்தாக வேண்டும். கடக்கும் அந்தக் கணத்தில் பலகைகள் நேர் பள்ளத்தை நோக்கும், வேகம் கூடும், அப்போது மனித உடம்பு தானாகவே பின்னால் சாயும். பின்னால் சாய்ந்ததும் எடை குதிகாலுக்குப் போய்விடும், பலகையின் முன்பாதி இலேசாகிவிடும். திருப்பத்தைத் தொடங்கித் தருவது அந்த முன்பாதிதான். நீங்கள் யானைமலைப் பாறையில் இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று நினைத்துப்பாருங்கள். முழங்காலை மடித்து, உட்கார்வதுபோல் தாழ்ந்து, குதிகாலை ஊன்றி, பாறைப்பக்கம் சாய்ந்து இறங்குவீர்கள். பாறையில் அது உயிரைக் காக்கும் பழக்கம். பனியில் அதே பழக்கம்தான் உங்களைத் தள்ளிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பயத்தில் வால்களை மிக அகலமாக விரித்திருப்பீர்கள். விரிப்பு கூடக்கூட இரண்டு விளிம்புகளும் செங்குத்தாகப் பனியில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். நிற்பதற்கு அது நல்லது. திரும்புவதற்குப் பலகை ஓரளவு தட்டையாக இருந்து பனியின் மேல் சுழல இடம் கொடுக்க வேண்டும். ஆகவே திருப்பத்துக்கான ஸ்நோபிளவ் குறுகலாக இருக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்றால், திருப்பத்தை முடிப்பதன் மூலமாகத்தான். சரிவுக்குக் குறுக்கே முழுதும் வந்து சேரும் வரை வெளிக்காலின் அழுத்தத்தை விடாமல் காத்திருங்கள்; வேகம் தானே வடிந்துவிடும்.

ஒரு கேள்வி. விழுந்த இடத்திலிருந்து எழுந்து மேலே திரும்பி உங்கள் தடத்தைப் பார்த்தீர்களா? வலத் திருப்பத்தில் இடது பலகையின் தடம் ஆழமாக இருந்ததா, மங்கலாக இருந்ததா?

திருநகர்வாசி
மார்ச் 3, இரவு 10.05

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. கைமர உவமையைப் படித்ததும் எழுந்துபோய் இரண்டு அடிக்கோல்களைத் தரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரமாக விளங்காதது இரண்டு நிமிடத்தில் விளங்கியது.

தடத்தை நான் கவனிக்கவில்லை. ஆனால் உடன் வந்த நண்பர் எடுத்த காணொளி ஒன்று இருக்கிறது. அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். இடத் திருப்பத்தில் என் வலது முழங்கால் முன்னால் மடிந்து, கணைக்கால் பூட்ஸின் நாக்கில் அழுந்தியிருக்கிறது. வலத் திருப்பத்தில் இடது கால் ஏறக்குறைய நேராக நிற்கிறது. பார்ப்பதற்குக் கழியை ஊன்றியதுபோல் இருக்கிறது. வால்களின் விரிப்பும் நீங்கள் சொன்னபடியே மிக அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது தொடர்புடையதா என்று தெரியவில்லை. குளிருக்குப் பயந்து கம்பளிக் காலுறை இரண்டு சோடி போட்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த கடையில் அதற்கு ஏற்ப ஓர் அளவு பெரிய பூட்ஸாகக் கொடுத்தார்கள். வலது பூட்ஸ் பிடித்தாற்போல் இருந்தது. இடது பூட்ஸில் கொக்கிகள் அனைத்தையும் இறுக்கிய பிறகும் குதிகால் உள்ளே சற்று எழும்பிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், “புதியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்” என்று சொல்லிவிட்டார்.

ஐயர்பங்களாக்காரன்
மார்ச் 4, காலை 5.50

தொடர்பு இருக்கிறது ஐயா, மிகவும் இருக்கிறது. உங்கள் கடைசிப் பத்தியைப் படித்ததும் எனக்கு வருத்தமாகவே இருந்தது, ஏனென்றால் உங்கள் பதினான்கு நாள் உழைப்பில் பாதியை அந்த இடது பூட்ஸ் விழுங்கியிருக்கிறது.

நீங்கள் பலகையோடு பேசுவது பூட்ஸின் வழியாக மட்டுமே. கணைக்கால் முன்னால் சாய்ந்தால் பூட்ஸ் சாயும், பூட்ஸ் சாய்ந்தால் அதைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் வழியாகப் பலகையின் முன்பாதி அழுந்தும். உள்ளே குதிகால் எழும்பினால், நீங்கள் கொடுக்கும் முதல் அழுத்தம் காலுறையிலும் காற்றிலும் கரைந்துபோகிறது. நீங்கள் எடை போட்டது உண்மை. அது பலகைக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த முறை காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியதாக, முழங்காலுக்குக் கீழ் வரை நீளமாக இருக்கட்டும். இரண்டு சோடி போட்டால் மடிப்பு விழும், இரத்த ஓட்டம் தடைப்படும், உண்மையில் குளிர் அதிகமாகத்தான் தெரியும். பூட்ஸின் அளவைச் செருப்புக்கடை எண்ணில் கேட்காதீர்கள். பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு அந்தச் சென்டிமீட்டர்தான். வீட்டில் சுவரோரம் குதிகாலை ஒட்டவைத்து நின்று, பெருவிரல் நுனியில் பென்சிலால் குறித்து அளந்தால் போதும். கடையில் பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் வெளிக்கூட்டில் காலை விட்டு விரல்கள் முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும். உள்ளுறையைப் போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி இலேசாக உரசி, முழங்காலை மடித்ததும் பின்வாங்கினால் அதுவே சரியான அளவு. இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பலருக்கும் இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

பைண்டிங்கையும் அவர்கள் உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், பயிற்சி நிலை எல்லாவற்றையும் கேட்டுத்தான் பொருத்த வேண்டும். கேட்காமல் மாட்டித் தந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். விழும்போது காலிலிருந்து பலகை கழன்றுவிடுவது அந்த அளவைப் பொறுத்ததுதான்.

மேலூர்ப்பக்கம்
மார்ச் 4, பகல் 1.30

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் இன்னும் பனியை நேரில் பார்த்ததில்லை. வரும் ஜனவரியில் உத்தராகண்டில் ஔலி போகலாம் என்று நண்பர்களோடு திட்டமிட்டிருப்பதால் இந்த இழையை வரிவிடாமல் படித்து வருகிறேன்.

வெளிப்பலகைதான் வேலை செய்யும் பலகை என்று படித்தபோது எங்கள் களத்துமேடு நினைவுக்கு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தாத்தா நெற்கதிரைப் பரப்பி மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிடுவார். உள்மாடு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழலும், வெளிமாடுதான் அகல நடந்து வட்டத்தை இழுத்துக்கொண்டு வரும். அதனால் வெளிப்பக்கம் கட்டுவதற்கு வலுவான மாட்டைத்தான் தாத்தா தேர்ந்தெடுப்பார். உள்மாடு அவசரப்பட்டால் வட்டம் கெட்டுவிடும் என்று அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இந்த ஒப்புமை சரியானதா?

ஐயர்பங்களாக்காரன்
மார்ச் 4, இரவு 8.20

தம்பி, நல்ல ஒப்புமை. ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். களத்தில் வெளிமாடு தன் கால் வலுவால் இழுத்துச் சுற்றுகிறது. இங்கே வெளிக்கால் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதும் இல்லை; உங்கள் உடம்பின் எடையைத் தாங்கிக்கொண்டு பொறுமையாக நிற்கிறது. இழுக்கிற வேலையை மலை செய்கிறது. புதியவர்கள் பலர் வெளிப்பலகையைக் காலால் உதைத்துத் தள்ளப் பார்ப்பார்கள், அப்போது பலகை வழுக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடும். எடையை ஏற்றுங்கள், உதைக்காதீர்கள்.

உள்மாட்டைப் பற்றித் தாத்தா செய்தது அப்படியே பொருந்தும். உள்பலகை இலேசாக, அடக்கமாக இருக்க வேண்டும். திருப்பத்தின் நடுவில் உள்பலகையின் வாலைப் பனியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கிப்பார்ப்பது பழைய பயிற்சி. தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது என்று பொருள்.

தெப்பக்குளம் அம்மா
மார்ச் 5, காலை 11.10

என் மகளுக்கு ஒன்பது வயது. சென்ற ஆண்டு ஔலியில் ஐந்து நாள் பழகினாள். அவளுக்கு இந்த விளக்கம் எதையும் யாரும் சொல்லவில்லை. பயிற்சியாளர் கையில் ஊன்றும் கோல்களை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விமானத்தின் இறக்கைபோல் விரிக்கச் சொன்னார். வலப்பக்கம் போக வேண்டுமானால் இடது இறக்கையைத் தாழ்த்தி இடது முழங்காலைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மாலையே இருபக்கமும் திரும்பினாள். பெரியவர்களும் கோல் இல்லாமல் இதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றுவதால் பகிர்ந்துகொள்கிறேன்.

ஐயர்பங்களாக்காரன்
மார்ச் 5, பகல் 12.05

அருமையான பயிற்சி அம்மா. விமானம் வலப்பக்கம் திரும்பும்போது வலது இறக்கையைத்தான் தாழ்த்தும். பனியில் அதற்கு நேர்மாறாக வெளி இறக்கையைத் தாழ்த்துகிறோம். கை வெளி முழங்காலைத் தொடப் போனால் உடம்பு மலைப்பக்கம் சாயவே முடியாது, எடை தானாக வெளிக்காலுக்குப் போய்விடும். திருநகர்வாசி ஐயா இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அழகர்கோவில் சாலை
மார்ச் 7, இரவு 9.00

நண்பர்களின் கருத்துகளை மதிக்கிறேன், ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் சுவிட்சர்லாந்தில் இரண்டு பனிக்காலம் பழகினேன். ஸ்நோபிளவ் என்பது பிறகு மறக்க வேண்டியிருக்கும் ஒரு பழக்கம். சரிவு சற்றுச் செங்குத்தானால் அது நிற்காது, தொடை எரியும். வால்களைத் தள்ளுகிற பழக்கம் உடம்பில் ஊறிவிட்டால், பலகைகளை இணையாக வைத்துத் திரும்பும் நிலைக்கு வரும்போது ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும் அந்த விரிப்பு எட்டிப்பார்க்கும். எனக்கு அது போவதற்கு ஒரு முழுப் பனிக்காலம் ஆயிற்று. குட்டையான பலகைகளில் நேரடியாக இணைத் திருப்பத்தையே கற்றுக்கொடுக்கும் முறையும் இருக்கிறது. பக்கவாட்டில் வழுக்கி இறங்குவதை முதலில் கற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்குவதே மேல் என்பது என் எண்ணம்.

ஐயர்பங்களாக்காரன்
மார்ச் 8, காலை 6.40

நீங்கள் சொல்லும் இடர் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடர் அகல விரித்து நிறுத்தும் ஸ்நோபிளவால் வருவது. குறுகலாக வைத்து, எடையை மாற்றியே திரும்பப் பழகியவருக்கு இணைத் திருப்பம் தனியாகக் கற்க வேண்டிய பாடமாக இருப்பதில்லை. வேகம் சிறிது கூடி, வெளிக்கால் எடையை முழுமையாக ஏற்கத் தொடங்கியதும், இலேசாகிவிட்ட உள்பலகை திருப்பத்தின் முடிவில் தானாகவே வெளிப்பலகைக்கு இணையாக வந்து சேரும். நாளடைவில் அது திருப்பத்தின் நடுவிலும், பிறகு தொடக்கத்திலும் நிகழும். விரிப்பு இப்படித்தான் கரைய வேண்டும்.

இந்த வரிசை இன்று நேற்று வந்ததன்று. நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தில் வளர்ந்த சறுக்கு முறை அவ்வளவாகச் செங்குத்தில்லாத மலைகளுக்கு ஏற்றதாக இருந்தது. ஆல்ப்ஸ் மலையின் சரிவில் அது போதவில்லை. 1890களில் ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மதியாஸ் ஸ்டார்ஸ்கி பலகைகளைக் குட்டையாக்கி, குதிகால் பக்கவாட்டில் நழுவாத பைண்டிங்கைச் செய்து, ஒரு பலகையின் வாலை அகற்றித் திரும்பும் முறையை வகுத்தார். அவர் இரண்டு கோல் வைத்துக்கொள்ளாமல் ஒரே நீளக் கோலோடு இறங்கினார். பிறகு 1907இலிருந்து ஆர்ல்பெர்க் மலைப்பகுதியின் சாங்க்ட் ஆன்டனில் கற்பித்த ஹான்னஸ் ஷ்னைடர், ஸ்நோபிளவில் தொடங்கி, ஒரு பலகையை மட்டும் அகற்றும் திருப்பத்துக்குப் போய், அங்கிருந்து கிறிஸ்டியானியா எனப்படும் இணைத் திருப்பத்துக்கு ஏறும் படிவரிசையை அமைத்தார். கிறிஸ்டியானியா என்பது 1925 வரை ஆஸ்லோ நகருக்கு இருந்த பெயர். நூறாண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் தொடக்கநிலையினர் ஏறிய படி அது. உங்கள் முறையிலும் நன்கு கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்ற வசதி வேண்டும். பதினைந்து பேர் கொண்ட குழுவில், நாற்பதைக் கடந்தவர்களுக்கு, எந்நேரமும் நின்றுவிட முடியும் என்ற உறுதியைத் தருவது ஸ்நோபிளவ்தான்.

பக்கவாட்டில் வழுக்கி இறங்கக் கற்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். விளிம்பு எப்போது கவ்வுகிறது, எப்போது விடுகிறது என்பதைக் கணுக்காலுக்குக் கற்றுத்தருவது அதுதான்.

அழகர்கோவில் சாலை
மார்ச் 8, இரவு 10.30

குறுகலான ஸ்நோபிளவுக்கும் அகலமானதற்கும் நீங்கள் காட்டும் வேறுபாட்டை ஏற்கிறேன். எனக்குக் கற்றுத்தந்தவர் அகல விரிக்கத்தான் சொன்னார். என் தொல்லை அங்கிருந்து வந்திருக்கலாம்.

கே.கே.நகர் பிசியோ
மார்ச் 9, மாலை 5.15

நான் பிசியோதெரபிஸ்ட். முழங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று திருநகர்வாசி ஐயா எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து, உடம்பு பின்னால் போய், எடை முழுவதும் பள்ளத்துப் பக்கப் பலகையின் உள்விளிம்பில் விழும்போது, பலகையின் வால் ஒரு நெம்புகோல்போல் முழங்காலைத் திருகுகிறது. முழங்காலின் உள்ளே குறுக்காகச் செல்லும் முன் சிலுவை நார் அறுந்துபோவதற்குப் பனிச்சறுக்கில் முக்கியக் காரணங்களுள் ஒன்று இந்த நிலை. பைண்டிங் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் இந்தத் திருகலில் அது கழலாமல் போகலாம். ஆகவே விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல், கைகளை முன்னால் நீட்டி, பலகைகளைச் சேர்த்துப் பக்கவாட்டில் விழுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதீர்கள். முழுதும் நின்ற பிறகு எழுங்கள்.

மதுரையிலிருந்தே செய்யக்கூடியவை உண்டு. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடப் பயன் தருவது படியிறக்கம். திருப்பரங்குன்றம் மலைப்படியோ வீட்டு மாடிப்படியோ எதுவானாலும், ஒரு படியை இறங்க நான்கு விநாடி எடுத்துக்கொண்டு, முழங்கால் உள்பக்கம் மடங்காமல் கால்விரல்களுக்கு நேராகப் போகும்படி இறங்குங்கள். பனிச்சறுக்கில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. படி ஏறுவதால் அந்த வலு வராது, இறங்குவதால்தான் வரும்.

பிறகு, மொசைக் தரையில் இரண்டு துண்டுகளை மடித்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காலை வைத்து, குதிகால்களை அகற்றி நில்லுங்கள். கணுக்காலை முன்னால் மடித்து, மெதுவாக இடது காலுக்கு எடையை மாற்றுங்கள். வலது துண்டு இலேசாக நகர வேண்டும். இதை நாள்தோறும் ஐந்து நிமிடம் செய்தால் உங்கள் இடது கணுக்காலின் மடக்கம் குறைவாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அந்தக் காலில் பழைய சுளுக்கு ஏதேனும் உண்டா?

திருநகர்வாசி
மார்ச் 9, இரவு 9.50

உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் கீழக்குயில்குடி சமணர் மலையில் இறங்கும்போது இடது கணுக்கால் பிசகி ஒரு மாதம் கட்டுப்போட்டிருந்தேன். இப்போது வலி இல்லை என்பதால் மறந்தே போய்விட்டேன். துண்டுப் பயிற்சியைச் சற்றுமுன் செய்துபார்த்தேன். வலது முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி நான்கு விரற்கடை முன்னால் போகிறது. இடது முழங்கால் கட்டைவிரலுக்கு நேராகவே நின்றுவிடுகிறது.

கே.கே.நகர் பிசியோ
மார்ச் 10, காலை 7.30

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் ஐயா. சுவரை நோக்கி நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடப் பழகுங்கள். தொட முடிந்ததும் பாதத்தை ஒரு விரற்கடை பின்னால் தள்ளி மறுபடியும் தொடுங்கள். அவசரம் வேண்டாம், பழைய பிசகில் இறுகிய மூட்டு நெகிழ மூன்று நான்கு மாதமாகலாம். வலி எடுத்தால் நிறுத்திவிட்டு நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

மேலூர்ப்பக்கம்
ஜனவரி 24, இரவு 8.45

ஔலியிலிருந்து திரும்பிவிட்டேன். இந்த இழையின் துணையால் ஐந்தாம் நாள் இருபக்கமும் திரும்பினேன். காலையில் பனி இறுகிக் கண்ணாடிபோல் இருக்கும்போது விளிம்பு எளிதில் கவ்வவில்லை, பத்து மணிக்கு மேல் வெயில் பட்டு இளகியதும் எளிதாக வந்தது. பிற்பகலில் பனி கனத்துவிட்டதால் திருப்பத்துக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாகப் போகிறவர்கள் முதல் திருப்பத்தைக் காலை பத்து மணிக்கு மேல் முயன்றால் நல்லது. ஐயா அவர்கள் குல்மார்க் போய்விட்டார்களா?

திருநகர்வாசி
பிப்ரவரி 18, இரவு 10.20

நேற்றுதான் வீடு வந்தேன் தம்பி. எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் பூட்ஸ். இங்கேயே பாதத்தை அளந்து போனேன். வலது பாதம் 26.7 சென்டிமீட்டர், இடது பாதம் 26.2. சென்ற ஆண்டு எனக்குக் கொடுத்தது 28.5 என்பதை இந்த முறை அவர்களுடைய பதிவேட்டிலேயே பார்த்தேன். வேறு கடையில் 26.5 எடுத்தேன். வெளிக்கூட்டில் காலை விட்டு விரல் வைத்துப் பார்த்தபோது கடைக்காரர் என்னை வியப்போடு பார்த்தார், பிறகு அவரே முழந்தாளிட்டு இடது பூட்ஸின் குதிகாலுக்கு ஒரு மெத்தைத் துண்டு வைத்துக் கொடுத்தார். முதல் நாள் கால் வலித்தது. குதிகால் மட்டும் ஒருமுறைகூட எழும்பவில்லை.

முதல் மூன்று நாளும் கோல் எடுக்கவில்லை. குல்மார்க்கின் கிண்ணம் போன்ற புல்வெளியின் விளிம்பில், கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் நிலையத்துக்கு அருகே உள்ள தொடக்கநிலைச் சரிவில், வெளிக்கையால் வெளி முழங்காலைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். இடப்பக்கம் உடனே வந்தது. வலப்பக்கம் நீர்வாட்டத்தைப் பார்க்கும் கணத்தில் பழைய பயம் அப்படியே இருந்தது. உடம்பு மலைப்பக்கம் போகத் துடித்தது. ஐயர்பங்களா ஐயா சொன்ன யானைமலைப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அறிவுக்குத் தெரிந்த பிறகும் இடுப்புக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். ஸ்நோபிளவைக் குறுக்கிக்கொண்டு, பார்வையைக் கீழே பலகையில் வைக்காமல் வலப்பக்கம் நின்ற ஒரு தேவதாரு மரத்தில் வைத்தேன். இடது கணைக்கால் பூட்ஸின் நாக்கில் அழுந்துவது தெரிந்தது. உள்ளங்கையை அழுத்திக் கதவைத் தள்ளுவதுபோல ஒரு திடமான அழுத்தம். பலகைகள் பள்ளத்தை நோக்கின. ஒன்று, இரண்டு என்று மனத்துக்குள் எண்ணினேன், வேறொன்றும் செய்யவில்லை. மூன்று எண்ணுவதற்குள் மரம் எனக்கு நேர் எதிரே வந்துவிட்டது. நான் சரிவுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலைக்குள் பத்து முறை முயன்றால் ஆறு முறை வந்தது. ஏழாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்தாம் நாள், கடைசி இறக்கத்துக்குப் பிறகு நின்று திரும்பி மேலே பார்த்தேன். முந்தைய நாள் இரவு புதுப்பனி விழுந்திருந்ததால் தடம் தெளிவாக இருந்தது. இடத் திருப்பங்களில் வலது பலகையும் வலத் திருப்பங்களில் இடது பலகையும் ஒரே அளவு ஆழத்தில் பனியை வெட்டியிருந்தன. உள்பலகையின் தடம் மெல்லிய கோடாகத் தேய்ந்து வந்து, கடைசி இரண்டு வலத் திருப்பங்களின் முடிவில் வெளித்தடத்துக்கு இணையாகச் சேர்ந்திருந்தது. அதை நான் முயன்று செய்யவில்லை.

அந்தத் தடத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், நாளை இங்கே இணைக்கிறேன். ஐயர்பங்களா ஐயா, அந்த இரண்டு திருப்பங்களையும் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு நான் ஸ்நோபிளவிலேயே தொடர வேண்டுமா, ஒரு பலகையை மட்டும் அகற்றும் திருப்பத்துக்குப் போகலாமா என்று சொல்லுங்கள்.

ஐயர்பங்களாக்காரன்
பிப்ரவரி 19, காலை 5.45

படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன் ஐயா, போகலாம். முதல் இரண்டு நாள் மட்டும் பழைய சரிவிலேயே ஸ்நோபிளவில் இறங்கி இடது காலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சரிவுக்குக் குறுக்கே இரு பலகைகளையும் இணையாக வைத்துப் போய், திரும்ப வேண்டிய இடத்தில் மேற்பக்கப் பலகையின் வாலை மட்டும் அகற்றி அதன் மேல் எடையை ஏற்றுங்கள். கணுக்கால் பயிற்சியை இடையில் விட்டுவிடாதீர்கள். படத்தை இணைத்ததும் தடத்தின் வளைவைப் பார்த்து மீதியை எழுதுகிறேன்.